நடுப்பாறையில் ஒரு தாச்சி நூடில்ஸ்

லலித் சேர் போனில், "ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்கு அந்தப் பக்கமா வாறேன், செஞ்சு வைக்க ஏலுமா?" என்று கேட்டார். கலண்டரைப் பார்க்காமலே நான் "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டேன். யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என் வழக்கம். சைப்ரஸுக்குப் போனதும் அப்படி வாயிலிருந்து விழுந்த ஒரு சரியால்தான்.

அப்பா லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்த ஞாயித்துக்கெழம புள்ள?"

"வாற ஞாயிறுதான்ப்பா."

"வெள்ளிக்கெழம கோயில்ல காப்புக் கட்டுறாங்களே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷம் வெளியே இருந்ததில் திருவிழா எந்த மாதம் என்பதே மறந்துபோயிருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிகிற பத்து நாளும் எந்த லயத்திலும் கவிச்சி அடுப்பில் ஏறாது. முட்டைகூட ஏறாது. லலித் சேர் சாப்பிட வருவதோ பன்றி இறைச்சி நூடில்ஸ். சைனீஸ் கடையில் பெட்டியில் அடைத்து, சூடாகக் கையில் தருவார்களே, அது.

"அப்பன்னா பூசணிக்கா நூடில்ஸ் செஞ்சு குடு. சாமியாருக்கு ஏத்த சாப்பாடு," என்றாள் ஷாமிளா அக்கா.

இந்த வினையை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். கித்துல்கலயில் லலித் சேரின் லொஜ்ஜில் அவளுக்கு அறை கூட்டி, விரிப்பு மாற்றுகிற வேலை. ஆற்றில் படகு விடுவதற்காகக் கொழும்பிலிருந்து வரும் கூட்டம் பசியோடு கரையேறி சைனீஸ் கேட்கிறதாம். இருந்த சமையல்காரர் ருமேனியாவுக்குப் போய்விட்டார். "என் தங்கச்சி சைப்ரஸ்ல சைனீஸ் கடையில குக் சேர், லீவுல வந்திருக்கு" என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள்.

நாளை மாற்றவும் வழியில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு கம்பனியிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். லொஜ்ஜின் சமையலறையில் டைல் பதிக்கத் தரையைக் கொத்திப் போட்டிருப்பதால், அங்கே போய்ச் செய்து காட்டவும் முடியாது. லலித் சேர் ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து திரும்பும்போது வழியில் எங்கள் தெஹியோவிட்டவில் இறங்கி ருசி பார்ப்பார். பிடித்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமை அவிசாவளையிலிருந்து வேறு ஒருவர் வருகிறார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். மே ஆறாம் தேதி சைப்ரஸுக்குத் திரும்பிப் போக எனக்கு டிக்கெட் போட்டிருந்தது. எனக்கோ போகவே மனமில்லை. ஆனால் போகமாட்டேன் என்று வெறும் கையோடு எப்படிச் சொல்வது? மூன்று வருஷத்துக்கு முன் அரைத் தோட்டமே வேன் பிடித்துக் கட்டுநாயக்கவுக்கு வந்து கண்ணீர் விட்டது. "எனக்கு இங்கேயே வேலை கிடைச்சிடிச்சு" என்று சொன்னால் அது மரியாதை. "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னால் அடுத்த திருவிழா வரைக்கும் அதுதான் லயத்துக்குச் சிரிப்பு.

இதில் இன்னொரு சின்னச் சிக்கலும் இருந்தது. நான் குக் இல்லை.

சைப்ரஸில், லிமசோல் ஊரில், அந்தக் கடையில் என் மேசை சுவரைப் பார்த்து இருந்தது. கோவா, கரட், லீக்ஸ், வெங்காயத்தாள். காலையில் மலையாக வரும், இரவுக்குள் குருணியாக வெட்டித் தீர்க்க வேண்டும். தாச்சியைப் பிடித்து அடுப்பில் நின்றவர் சென் என்ற சீனக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கை ஈரமாக இருந்ததால் போனிடம் பேசியே அம்மாவுக்குச் செய்தி எழுதினேன். அம்மா கவலைப்படக் கூடாதே என்று "இன்னைக்கு நான்தான் நூடில்ஸ் போட்டேன்" என்று சொன்னேன். போன் அதை ஒரு பிழையில்லாமல் எழுதிக்கொண்டது. அடுத்த வருஷம் நான் பெரிய குக் ஆனேன். அதற்கடுத்த வருஷம் எனக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்தார்கள்.

காப்புக் கட்ட முன்னால் வியாழக்கிழமை ஒரு நாள் மிச்சம் இருந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அக்கா அவிசாவளையிலிருந்து ஒரு கிலோ பன்றி இறைச்சி கொண்டுவந்தாள்.

காப்பு இல்லாத நாளிலும் எங்கள் வீட்டில் பன்றிக்குத் தனிச் சட்டம். சாமிப் படம் இருக்கிற வீட்டுக்குள் அது வராது. பின்பக்கத் தாழ்வாரத்தில் அதற்கென்றே ஒரு இரும்புத் தாச்சி தொங்கும். பன்னித் தாச்சி என்று பெயர். தீபாவளிக்கும் நத்தாருக்கும் இறங்கும். நான் அதை இறக்கி, காஸ் அடுப்பைப் பின்பக்கத்தில் செங்கல் மேல் வைத்து, வெட்டி வைத்ததையெல்லாம் வரிசையாக அடுக்கினேன். அடுக்குவதில் மட்டும் நான் உண்மையாகவே கெட்டிக்காரி.

பிறகு நடந்தது சமையல் அல்ல. இறைச்சியைப் போட்டதும் அடுப்பின் நெருப்பு பயந்துபோய்ச் சுருங்கியது. இறைச்சி தண்ணீர் விட்டது. அந்தத் தண்ணீரில் கோவா வெந்தது. வெந்த கோவாவில் நூடில்ஸ் குளித்தது. கிண்டக் கிண்ட ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் கரண்டியைத் தூக்கினால் தாச்சியும் கூடவே தூக்கியது.

அப்பா வந்து பார்த்தார். கரண்டியை நட்டுவைத்துக் கையை எடுத்தார். கரண்டி நின்றது.

"கோயில் படிக்கட்டுல ஒண்ணு பேந்து கெடக்கு. சூடு ஆற முந்தி தூக்கிட்டு வாங்க, பூசிடலாம்."

"புள்ளய ஏங்க வைறீங்க," என்றாள் அம்மா. ஒரு வாய் எடுத்து மென்றாள். நிறைய நேரம் மென்றாள். "சைப்ரஸ்ல இருக்கிறவங்களுக்குப் பல்லு நல்லா இருக்கும் போல."

நான் அழுவதற்காகக் குழாயடிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நான் குக் இல்ல."

"தெரியும்டி."

"எப்படி தெரியும்?"

"மூணு வருசமா வீடியோ கோல்ல ஒனக்குப் பின்னால கோவாதான் தெரிஞ்சிச்சு. குக்குன்னா பின்னால நெருப்பு தெரியணும்ல?"

"அம்மாவுக்கு?"

"எனக்குச் சொன்னதே அம்மாதான். எயார்போர்ட்ல ஒன் கையப் புடிச்சிச்சுல்ல, அப்பவே கண்டுபுடிச்சிடிச்சு. இது கரண்டி புடிச்ச காய்ப்பு இல்ல, கத்தி புடிச்ச காய்ப்புன்னு."

"தெரிஞ்சுகிட்டே ஏன்க்கா சேர்கிட்ட அப்படிச் சொன்ன?"

"மூணு வருசம் ஒரே குசினியில நின்னிருக்க. பார்த்தாவது படிச்சிருப்பன்னு நெனச்சேன்."

"என் மேச செவுத்தப் பார்த்து இருந்திச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறாந் தேதி போறதுக்கு இஷ்டமில்லதானே?" என்றாள். நான் தலையாட்டினேன். யாருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். இந்த வருஷம் அப்பா தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டிருந்ததால் மஞ்சள் கயிறு அவர் மணிக்கட்டிலேயே ஏறியது. இனி அவர் கவிச்சியைத் தொடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் அம்மாவே சட்டம் எழுதினாள்.

"எல்லைக்கு வெளிய தொடலாம். வாயில வைக்கக் கூடாது. தொட்டா அங்கனயே தல முழுகிட்டுத்தான் ஊட்டுக்கு வரணும்."

"எல்லை எது வரைக்கும்மா?"

"ஓயா வரைக்கும்."

ஓயா என்றால் தோட்டத்துக்குக் கீழே ஓடும் சிற்றாறு. அதைத் தாண்டினால் பாலத்தடியில் கபூர் நானாவின் கடை. அங்கிருந்து மெயின் ரோட் வரைக்கும் அவருடைய காணி. இந்தப் பக்கம் சமைத்தால் அம்மன், அந்தப் பக்கம் சமைத்தால் பன்றியே ஆகாத கபூர் நானா. சாமான் வாங்கச் சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன்.

"நூடில்ஸ் நாலு பெக்கட், சோயா சோஸ், வினாகிரி, லீக்ஸ், கரட், கோவா," என்று கபூர் நானா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "கோழி நூடில்ஸா மகள்?"

நான் கரட்டைப் புரட்டினேன்.

"ஆடா?"

லீக்ஸை எண்ணிப் பார்த்தேன்.

"மீனும் இல்ல போல. அப்ப நான் கேக்கல்ல," என்றார். வயிறு குலுங்கச் சிரித்தார். "காப்புக் கட்டின தோட்டத்துல இருந்து வந்து ஒருத்தர் இப்படி ஊமையா நிண்டா வெளங்காதா? எங்க வெச்சி ஆக்கப் போறீங்க?"

"தெரியல்ல நானா. அந்தப் பக்கமும் ஏலாது, இந்தப் பக்கமும்..."

"இந்தப் பக்கம் ஏலாதுதான். சொன்னாக் கோவிக்கப் படாது." அவர் எழுந்து பின்கதவைத் திறந்தார். கடைக்குப் பின்னால் வேலி, வேலிக்குக் கீழே ஓயா. "எண்ட காணி இந்த வேலியோட முடிஞ்சிது. ஒங்கட எல்லை அந்தக் கரையோட முடிஞ்சிது. நடுவுல என்ன ஈக்கி?"

நடுவில் ஒரு பாறை இருந்தது. அகலமாக, தட்டையாக. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் அதன் மேல்தான் துணி துவைப்பார்கள்.

"மத்தியானத்துக்குக் காத்து மேல இருந்து கீழுக்குத்தான் வரும். கடைக்கு வராது. நாளைக்கி நான் இந்தக் கதவையும் பூட்டித்தான் வெப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியா."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். அக்கா தலையில் றப்பர் விறகு. அம்மா தலையில் பன்னித் தாச்சி, அதற்குள் எல்லாச் சாமானும். இறைச்சியை அக்கா அதிகாலை பஸ்ஸிலேயே போய் வாங்கி, எல்லைக்குள் கொண்டுவராமல் பாலத்துத் தூணில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அப்பா வரவேண்டியதில்லை. ஆனாலும் வந்தார். தோட்டத்துக் கரையில் ஒரு கல்லில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று அம்மா கத்தினாள்.

"வழியில போற யாரும் கேட்டா என்ன சொல்றது? துணி தொவைக்கிறாங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

"தொவைக்கிற துணியில இருந்து பொகை வருமா?"

"நான்தான் பார்க்கலயே. எனக்கு எப்படி தெரியும்?"

இறைச்சியை அம்மா வெட்டினாள். இருபத்தைந்து வருஷமாக அவள் வேலை றப்பர் மரத்தில் பால் வெட்டுவது. மரத்துக்கு நோகாமல், பட்டையை நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது. அந்தக் கை இறைச்சியில் இறங்கியபோது நான் வாயைப் பிளந்தேன். ஒவ்வொரு சீவலும் ஒரே கனம், ஒரே நீளம். சென் பார்த்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார், மூன்று வருஷம் ஏன் உன் அம்மாவைக் கூட்டி வரவில்லை என்று.

நான் கல் கூட்டி நெருப்பு மூட்டினேன். திரும்பிப் பார்த்தால் இறைச்சி மஞ்சளாக இருந்தது.

"அம்மா! என்னா போட்டீங்க?"

"உப்பும் மஞ்சளும்தான். ஏன்?"

"சைனீஸ்ல மஞ்சள் போடமாட்டாங்கம்மா!"

"எறைச்சிய மஞ்சள் போடாம எப்படி தொடுறது? சீனாக்காரன் கழுவவே மாட்டானா?"

ஓயா பக்கத்திலேயே ஓடியது என் அதிர்ஷ்டம். அள்ளி அள்ளிக் கழுவினேன். மஞ்சள் பாதி போனது. போகாத பாதி எனக்குத் தெரிந்தது. ஆனால் உப்பு எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு தண்ணீரோடு போயிற்று? இனி சோயா சோஸ் எவ்வளவு ஊற்றுவது? ஒரு துண்டைச் சுட்டு வாயில் வைத்தால் தெரிந்துவிடும். வைக்க மூன்று பேரில் ஒருவருக்கும் உரிமையில்லை.

"கபூர் நானாவக் கூப்புடவா?" என்றாள் அக்கா.

"வெளாடாதக்கா, நேரம் ஆகுது."

அக்கா ஒரு சின்னத் துண்டை நெருப்பில் வாட்டித் தண்ணீரில் போட்டாள். இரண்டு மீன் பாய்ந்து வந்து பிய்த்துக்கொண்டு போயின. "தின்னுட்டு ஓடுது பாரு. உப்பு சரிதான்."

பதினொன்றரைக்குத் தாச்சியை ஏற்றினேன். றப்பர் விறகு எரிந்தால் சும்மா எரியாது. சீறும். தாச்சியைச் சுற்றி நாக்கு நாக்காக ஏறியது நெருப்பு. லிமசோல் கடையில் அடுப்பு சீறுகிற சத்தம் அப்படியே கேட்டது. எண்ணெய் புகைந்தது. என் முன்னால் இறைச்சி, இஞ்சி, பூடு, சோஸ், நூடில்ஸ், எல்லாம் வரிசையாக. எதை முதலில் போடுவது? எப்போது? கரண்டி கையில் இருந்தது. கண் தாச்சியைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. மண்டைக்குள் ஒன்றும் இல்லை.

"எண்ண கருகுதுடி!" என்று அக்கா கத்தினாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, கரண்டியை அம்மா கையில் திணித்தேன். கத்தியை எடுத்தேன். தாச்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிச்சமிருந்த கோவாவை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

நாலு வெட்டு வெட்டியதும் எல்லாம் வந்துவிட்டது.

"பூடு இஞ்சி போடுங்கம்மா. ஒரு தடவ மட்டும் கிண்டுங்க. ம்... இப்ப எறைச்சி. பரப்பிப் போடுங்க, கிண்டாதீங்க."

பின்னால் இறைச்சி விழுந்தது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். சென் போட்டாலும் இதே மழைதான். மழை தணிந்தால் தண்ணீர் விடுகிறது என்று அர்த்தம். தணியவில்லை.

"இப்ப பெரட்டுங்க. பெரட்டி ஓரத்துக்குத் தள்ளுங்க. அக்கா, வெறகு! சத்தம் கொறையுது!"

"கொறையுதா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"எனக்குக் கேக்குது. போடு!"

அக்கா விறகைத் தள்ளிவிட்டு எங்களைப் பார்த்தாள். "அப்பா அங்க முதுகக் காட்டிக்கிட்டு இருக்காரு. நீ இங்க முதுகக் காட்டிக்கிட்டு இருக்க. இந்தக் குடும்பத்துல யாருதான்டி சமைக்கிறது?"

"கரட். கோவா. பத்து எண்ணுங்கம்மா. நூடில்ஸ். இப்ப சோஸ்."

"எவ்வளவு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சென் மூன்று கரண்டி ஊற்றுவார். மூன்று தடவை கரண்டி தாச்சியில் தட்டுப்படும், நான் எண்ணியிருக்கிறேன். ஆனால் சென்னின் இறைச்சியில் அம்மாவின் உப்பு இல்லையே. ஒன்று? இரண்டு? வாசத்தை இழுத்துப் பார்த்தேன். உப்புக்கு வாசம் கிடையாது.

"ஒண்ணு. இன்னும் அரை. போதும்! நிப்பாட்டுங்க!"

"கோ நங்கி, குஸ்ஸிய?"

குசினி எங்கே தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்டபடி, காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓயாவுக்கு நடுவில் லலித் சேர் நின்றார். பாலத்தில் நிற்கச் சொல்லியிருந்தோம். புகையைப் பார்த்துத் தானே இறங்கிவிட்டார். அவருக்கு முன்னால், கரண்டியோடு அம்மா. சுவரில்லாத இடத்திலும் சுவரைப் பார்ப்பது போல உட்கார்ந்து கோவா வெட்டுகிற நான்.

"இதுதான் சேர் குசினி," என்றாள் அக்கா. "காத்தோட்டமா இருக்கட்டும்னு..."

அம்மா பீங்கான் கோப்பையில் நூடில்ஸை அள்ளி, மேலே லீக்ஸைத் தூவி நீட்டினாள். லலித் சேர் பாறையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஒரு வாய். இரண்டு வாய். அவருடைய தாடையை மூன்று பேரும் பார்த்தோம்.

"லுணு ஹரி," என்றார்.

உப்புச் சரி. அம்மா அம்மன் கோயில் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டாள். பன்றிக்கறிக்காக அம்மனுக்குக் கும்பிடு போடுவது சரியா என்று பாதியில் யோசித்துக் கையை இறக்கினாள்.

"ஆனா இதில மஞ்சள் மணம் இருக்கே? சைனீஸ்ல மஞ்சளா?"

"அது எங்க பக்கத்து சீனா சேர்," என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். கோப்பை காலியானது. அதை நீட்டி இன்னும் கொஞ்சம் வாங்கினார். பிறகு கேட்டார். "சரி. இதுல குக் யாரு? கரண்டி அம்மா கையில. நங்கி மரக்கறி வெட்டுது."

அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். மூன்று வருஷமாக உள்ளே கிடந்தது என்பதால், சொல்லும்போது அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் குக் இல்ல சேர். அங்க நான் கோவா வெட்டினேன். குக்குக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் நின்னேன். அவர் செஞ்சத ஒரு நாளும் பார்க்கல. சத்தம் மட்டும்தான் தெரியும். இதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ நானா செஞ்சேன். அது செமண்டு மாதிரி வந்திச்சு."

லலித் சேர் விரலை நக்கினார். "அப்ப அம்மா வாங்க வேலைக்கு."

நான் கத்தியைக் கோவாவின் மேல் வைத்துவிட்டேன்.

"எனக்கு முந்நூறு மரம் இருக்கு சேர்," என்றாள் அம்மா. "நான் வெறும் கரண்டிதான். எப்ப போடணும், எப்ப நிப்பாட்டணும்னு ஒண்ணும் தெரியாது. இவ வாய மூடினா நான் கல்லாட்டம் நிப்பேன்."

அவர் கோப்பையை என் பக்கம் நீட்டினார். "இன்னும் ஒரு தட்டு. நங்கி தனியா. இந்தப் பக்கம் திரும்பி."

நான் தாச்சியைப் பார்த்து நின்றேன். எண்ணெய், பூடு, இறைச்சி. மழை கொட்டியது. கண்ணை மூடலாமா என்று நினைத்தேன். மூடினால் கை சுடும். ஆகவே திறந்து வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டேன். பிரட்டும்போது கால்வாசி நூடில்ஸ் பாறையில் விழுந்தது. சோஸ் ஒன்றரைக் கரண்டி. இறக்கிக் கொடுத்தேன்.

லலித் சேர் சாப்பிட்டார். "முதல் தட்டுதான் நல்லம்," என்றார்.

அக்கா கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள்.

"ஆனா இதுவும் தின்னலாம். வந்தவன் எல்லாரும் என்கிட்ட ஃபைவ் ஸ்டார்ல இருந்தேன்னுதான் சொன்னான். நாலாம் நாள் கோழி பச்சையா வரும். செமண்டு வந்திச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல." சப்பாத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமைக்கு வந்திடு. சனிக்கிழமை நாப்பது பேருக்குச் செய். மொதல் மாசம் எந்தப் பக்கம் பார்த்து வேணும்னாலும் நில்லு. கரண்டி புடிக்க ஷாமிளாவை விடுறேன். பிறகு திரும்பணும். எப்ப நங்கி சைப்ரஸ் போற? டிக்கெட் இருக்குன்னு ஷாமிளா சொல்லிச்சே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கரண்டியைப் பார்த்தாள்.

"மே மாசம் ஆறாந் தேதி அவளுக்கு ஒரு எடத்துக்கும் போற வேல இல்ல சேர்!"

கரையிலிருந்து அப்பா. இன்னும் முதுகைக் காட்டித்தான் இருந்தார். நான் அக்காவை முறைத்தேன்.

"நான் சொல்லலடி, சத்தியமா," என்றாள்.

"அவ ஒண்ணும் சொல்லல," என்று அப்பா றப்பர் மரங்களைப் பார்த்துக் கத்தினார். "கொழாயடியில நின்னு அழுதா அது எங்களுக்குக் கேக்காதா? லயத்துல அஞ்சு காம்பரா வீட்டுக்கும் கேட்டிச்சு. பக்கத்துக் காம்பரா விஜயகலா வந்து என்கிட்ட கேக்குது, ஏன் மாமா சுகந்தினிய திருப்பி அனுப்புறீங்கன்னு. நானா அனுப்புறேன்? அவதான் கலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா. சரி, போகத்தான் ஆசையாக்கும்னு நாங்களும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

லலித் சேருக்குப் பாதி விளங்கியிருக்கும். போதுமானது விளங்கியது. "எஹெனம் ஹரி, அப்பன்னா சரி," என்று சொல்லிவிட்டு, தாச்சியில் மிச்சமிருந்ததை டைல் பதிக்கிற பாஸ்மாருக்கென்று லஞ்ச் சீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் அது உதவிதான். ஒரு துண்டுகூடப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாதே.

தாச்சியை மணல் போட்டுத் தேய்த்தோம். மூன்று பேரும் உடுத்தியிருந்த துணியோடு தலை முழுகினோம். ஈரம் சொட்டக் கரையேறிய பிறகுதான் அப்பா திரும்பினார். மூக்கை ஒரு இழுப்பு இழுத்தார்.

"மணம் பரவாயில்ல. திருவிழா முடிஞ்சு, கறிசோறு தின்ன வுட்ட பொறகு நமக்கும் ஒரு தாச்சி போடுவியா?"

"போடுறேன்ப்பா."

"மஞ்சள் இல்லாமப் போடு. அந்த லலித் சேரு சொன்னது கேட்டிச்சு."

"மஞ்சள் இல்லாம என் தாச்சியில ஒண்ணும் வேகாது," என்றாள் அம்மா.

"அது சைனீஸ்டி தங்கம்மா."

"இருந்துட்டுப் போகட்டும். ஆளு கேட்டு வாங்கி ரெண்டாந் தட்டு தின்னாருல்ல?"

"பசி. கொழும்புல இருந்து வாறாரு பாவம்."

லயம் வரைக்கும் அந்த மஞ்சள் சண்டை தீரவில்லை. அடுப்பில் பருப்பும் பூசணிக்காயும் ஆறிப் போயிருந்தன. எனக்கு இருந்த பசிக்கு இரண்டு தட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.